மாமாவின் பெட்டியில் ஒரு 17சி

2016 மே 16-ஆம் தேதி இரவு மாமா வீட்டில் கேசரி கிண்டினார்கள். வாக்குப்பதிவு முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. எண்ணுவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆனால் தொலைக்காட்சியில் எக்சிட் போல் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து வந்த கணிப்புகளில் பலவும் திமுக அணிதான் ஆட்சியைப் பிடிக்கும் என்றன. ஆக்சிஸ் மை இந்தியா 124 முதல் 140 இடங்கள் என்றது. மாமா அந்த அணியின் பூத் ஏஜென்ட். விடியற்காலையிலேயே பூத்துக்குப் போனவர், சீல் வைத்த மெஷினை வண்டியில் ஏற்றும்வரை நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. அத்தை ஏலக்காயைத் தட்டிக்கொண்டே, “எண்ணி முடிக்கட்டுமே, அப்புறமாக் கிண்டுவோம்” என்று சொல்லிப் பார்த்தார். மாமா காதில் அது விழவில்லை.

அன்றைக்கே சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 இடம் என்று சொல்லியிருந்தது. எங்கள் வீட்டில் அந்த எண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

19-ஆம் தேதி மதியத்துக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுகவுக்கு 134, திமுக அணிக்கு 98. இரண்டு அணிகளும் வாங்கிய ஓட்டில் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். நூற்றுக்கு ஒருவர். பூத் வாசலில் நோட்டோடு நிற்கும் இளைஞனிடம் அந்த ஒருவர் மனதில் இருப்பதைச் சொல்லாமல் போனாலே கணக்கு மாறிவிடும். ஓட்டு சதவீதத்தை இடங்களாக மாற்றுகிற கணக்கில் அந்தச் சின்னப் பிசகு முப்பது நாற்பது தொகுதியாகப் பெருகிவிடும். இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. மாமாவுக்கு அன்று புரிந்தது வேறு. “மெஷின்ல கைவச்சிட்டானுவ” என்றார். மூன்று நாளாக ஜெயித்துவிட்டதாக நம்பிய மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்?

அப்போது அம்மா கேட்டாள்: “அண்ணே, 17சி காப்பி வச்சிருக்கியளா?”

அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். ஒவ்வொரு தேர்தலுக்கும் முதல் நாள் காலை ஒரு துணிப்பையோடு கிளம்பி, இரண்டாம் நாள் நள்ளிரவு தாண்டித்தான் வீடு திரும்புவாள். பி.ஓ. என்று சொல்லும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக ஏழு தேர்தல் பார்த்திருக்கிறாள். ஓட்டுப்பதிவு தொடங்குமுன் ஏஜென்டுகள் எதிரில் குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்டும் மாக் போல், அதை எண்ணி அழித்து மெஷினில் பூஜ்யம் காட்டுவது, பச்சைப் பேப்பர் சீலில் ஏஜென்டுகளைக் கையெழுத்துப் போடவைப்பது, சாயங்காலம் ‘குளோஸ்’ பட்டனை அழுத்துவது, 17ஏ பதிவேட்டில் கையெழுத்து போட்டவர்களின் எண்ணிக்கையையும் மெஷின் காட்டும் மொத்தத்தையும் ஒப்பிடுவது எல்லாம் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். கடைசியில் எழுதுவதுதான் 17சி. ஓட்டுகளைச் சேமிக்கும் கன்ட்ரோல் யூனிட்டின் எண், பேப்பர் சீலின் எண், பதிவான மொத்த ஓட்டு, கீழே பி.ஓ.வின் கையெழுத்து. இருக்கும் ஏஜென்டுகளுக்கெல்லாம் ஒரு பிரதி தரவேண்டும். அத்தனையும் கையால் எழுதவேண்டும். விரல் வீங்கிப்போகும் என்பாள்.

மாமா அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். கவுண்டிங் ஏஜென்டாகப் போன கட்சிக்காரர் ஒரு டைரியில் பூத்வாரியாகக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். மெஷின் எண் ஒன்றுதான். சீல் எண் ஒன்றுதான். 17சியில் மொத்தம் 742. டைரியில் வேட்பாளர்வாரியாக இருந்ததை மாமா தன் விரலாலேயே கூட்டினார். 742. இரண்டாம் முறையும் கூட்டினார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அப்ப நம்ம தெருவே மாத்திப் போட்டிருக்கு” என்றார்.

ஒரு தேர்தல் நடந்து முடிந்தது என்பதற்கு நான் கண்ணால் பார்த்த அடையாளம் அந்த வார்த்தைதான். ஜெயித்தவருக்கு எந்த ஆதாரமும் தேவையில்லை, எந்த முறையில் எண்ணினாலும் நம்புவார். தோற்றவர் நம்பவேண்டும். அதுவும் அறிவிப்பைக் கேட்டு இல்லை, தன் கையில் இருக்கும் ஒன்றை வைத்துத் தானே கூட்டிப் பார்த்து நம்பவேண்டும். நான் மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். ஒரு செயலி எங்கே உடையும் என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் தொழிலில் பதினைந்து வருடம் கழித்தும், ஓட்டுப் போடும் எந்தப் புதிய ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, மாமாவின் கையில் என்ன இருக்கும் என்பதுதான்.

17சி எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். பூத்தில் இருந்த மெஷின்தான் எண்ணும் இடத்துக்கு வந்தது, நடுவில் ஓட்டு கூடவோ குறையவோ இல்லை என்பதை அது காட்டும். நான் அழுத்திய சின்னத்துக்குத்தான் மெஷின் உள்ளே ஓட்டைச் சேர்த்ததா என்பதைக் காட்டாது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் மூவரும் மற்ற சிலரோடு சேர்ந்து 2010-இல் ஒரு இந்திய ஓட்டு மெஷினைப் பிரித்து, கையில் கிடைத்தால் அதில் என்னென்ன செய்யமுடியும் என்று காட்டினார்கள். அந்த ஆகஸ்டில் ஹரி பிரசாத் கைது செய்யப்பட்டார். குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவரை அப்படி நடத்தியதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவிபேட் வேண்டும் என்றது. நாம் அழுத்திய சின்னம் ஒரு சீட்டில் அச்சாகி, ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்துவிட்டுப் பெட்டியில் விழுகிறது. 2019 மக்களவைத் தேர்தலிலிருந்து எல்லா பூத்திலும் அது இருக்கிறது. அந்த ஏழு விநாடியும் நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன்.

தம்பி எஸ்டோனியாவில், தாலின் நகரத்தில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவனிடமிருந்து ஒரு அழைப்பு வரும், கேள்வியும் ஒன்றேதான். “அக்கா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அம்மா கணக்குக்கு ஒரு லட்சம் அனுப்புதேன், அடுத்த நிமிஷம் போய்ச் சேந்துருது. ஒரு ஓட்டு போட முடியாதா?” வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2011 முதல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வழி உண்டு. ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு வந்து வரிசையில் நின்றாகவேண்டும். அவன் கோபம் நியாயமானது. வீட்டு வரி கட்டுகிறான், ஊர்க் கோயிலுக்கு வரி கொடுக்கிறான், ஊர் தண்ணீர்ப் பிரச்சினை அவனுக்கும் பிரச்சினை.

ஆனால் பணமும் ஓட்டும் ஒன்றில்லை. அவன் அனுப்பும் ஒரு லட்சத்துக்கு அவன் போனில் ஒரு செய்தி, அம்மா போனில் ஒரு செய்தி, பாஸ்புக்கில் ஒரு வரி என்று மூன்று சாட்சி இருக்கிறது. பணம் வேறு கணக்குக்குப் போயிருந்தால் மறுநாளே சண்டை போடலாம். வங்கிகளும் மோசடியில் கொஞ்சம் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் வியாபாரம் நடத்துகின்றன. ஓட்டில் ‘யார், யாருக்கு’ என்ற வரி எங்கேயும் இருக்கவே கூடாது. அந்த வரி இருந்தால் ரகசியம் போய்விடும், அது இல்லையென்றால் ஓட்டு மாறிப்போனதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் தருவதுதான் ஆன்லைன் ஓட்டின் உண்மையான சிக்கல். பாஸ்வேர்டை வலுவாக்கித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

அந்தச் சிக்கலோடு உலகத்திலேயே அதிக காலம் மல்லுக்கட்டியிருப்பவர்கள் தம்பி இருக்கும் நாட்டுக்காரர்கள்தான். எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் குறைவு. 2005 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் இணைய வாக்கை அனுமதித்தார்கள். அந்த முறை இணையத்தில் ஓட்டுப் போட்டவர்கள் பத்தாயிரம் பேர்கூட இல்லை. எல்லோரிடமும் சிப் வைத்த அடையாள அட்டை இருக்கிறது. அதைக் கணினியில் செருகி, யாரென்று காட்ட ஒரு ரகசிய எண்ணும், கையெழுத்திட இன்னொரு ரகசிய எண்ணும் கொடுக்கவேண்டும். ஓட்டு ஒரு பூட்டிய உறைக்குள் போகிறது, அந்த உறை வாக்காளரின் கையெழுத்துள்ள இன்னொரு உறைக்குள் போகிறது. எண்ணும்போது வெளியுறையைக் கழற்றி எடுத்துவிட்டு, பெயரில்லாத உள்ளுறைகளை மட்டும் திறக்கிறார்கள்.

தம்பி இதை விளக்கியபோது அம்மா குறுக்கே புகுந்தாள். “இது நான் போட்ட போஸ்டல் ஓட்டுல்லா!” தேர்தல் வேலைக்குப் போகிற ஆசிரியர்களின் தபால் ஓட்டும் இதே போலத்தான். ஓட்டுச்சீட்டு 13பி என்ற சின்ன உறையில், அதுவும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவமும் 13சி என்ற பெரிய உறையில். அதே யோசனையைத்தான் அவர்கள் கணிதத்தில் செய்திருக்கிறார்கள்.

யாராவது பக்கத்தில் நின்று வற்புறுத்தி ஓட்டுப் போடவைத்தால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி ஓட்டுப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் கணக்கு. நேரில் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகும். 2013 முதல், போட்ட ஓட்டு அப்படியே போய்ச் சேர்ந்ததா என்று குறிப்பிட்ட நேரத்துக்குள் கைபேசியில் சரிபார்க்கவும் வழி உண்டு. சர்வர் மென்பொருளை யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு சோதனையாளராக இந்த நேர்மைக்கு என் மனமார்ந்த மரியாதை உண்டு. இருந்தும் 2014-இல் ஹால்டர்மேன் குழு அங்கே போய்ப் பார்த்துவிட்டு, இதை நிறுத்துங்கள் என்றுதான் அறிக்கை கொடுத்தது. 2017-இல் அடையாள அட்டை சிப்பிலேயே ஒரு கணிதக் குறை கண்டுபிடிக்கப்பட்டு, ஏழரை லட்சம் அட்டைகள்வரை பாதிக்கப்பட்டன.

2023 மார்ச் 5 நாடாளுமன்றத் தேர்தல் இரவைத் தம்பி தன்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் வீட்டில் கழித்தான். அந்த நண்பர் நான்கு நாள் முன்பே மதிய உணவு இடைவேளையில், அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி ஓட்டைப் போட்டுவிட்டிருந்தார். அன்று முதலில் காகித ஓட்டுகளின் எண்ணிக்கை வந்தது. எக்ரே என்ற வலதுசாரிக் கட்சி முன்னால் நின்றது. பிறகு இணைய ஓட்டுகள் மொத்தமாக வந்து இறங்கின. படம் தலைகீழாக மாறியது. பிரதமர் காயா கல்லாஸின் சீர்திருத்தக் கட்சிக்கு 101 இடங்களில் 37, எக்ரேவுக்கு 17. அந்தத் தேர்தலில்தான் முதன்முறையாகப் பாதிக்கு மேல், 51 சதவீத ஓட்டுகள் இணையத்தில் பதிவாகியிருந்தன. எக்ரே தலைவர் மார்ட்டின் ஹெல்மே இணைய ஓட்டை நம்பமுடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். முறையீடுகள் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தள்ளுபடியாயின.

ஏமாற்று நடந்ததாக நான் நினைக்கவில்லை. இணையத்தில் ஓட்டுப் போடுகிறவர்களும் காகிதத்தில் போடுகிறவர்களும் வேறு வேறு மனிதர்கள். எக்ரேவே தன் ஆதரவாளர்களிடம் இணைய ஓட்டைப் பற்றி நம்பிக்கையில்லாமல் பேசிவந்த கட்சி. அதனால் இரண்டு பெட்டிகளும் வேறு வேறு முடிவைச் சொல்வது இயற்கை. ஆனால் தம்பி சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்லை. அந்த நண்பரின் மாமனார் எக்ரேவுக்குப் போட்டவர். அவரைச் சமாதானப்படுத்த நண்பர் என்ன சொன்னார் தெரியுமா? “தேர்தலுக்கு முன்னாடி வந்த கருத்துக்கணிப்பு எல்லாமே சீர்திருத்தக் கட்சிதானே முதலிடம்னு சொல்லுச்சு?”

அங்கே கருத்துக்கணிப்பு சாட்சியாகிவிட்டது! எங்கள் மாமாவைக் கணிப்பு ஏமாற்றியது, காகிதம் சமாதானப்படுத்தியது. அந்த மாமனாருக்குக் காட்ட நண்பரிடம் காகிதம் இல்லை. கணித நிரூபணங்கள் இருக்கின்றன, கணினி அறிவியலில் மேற்படிப்பு படித்தவர்கள் அவற்றைச் சரிபார்க்கலாம். அந்தப் பெரியவரால் முடியாது. அதனால் கணிப்பைப் பிடித்துக்கொள்ளவேண்டியதாகிவிட்டது. 2016 தமிழ்நாட்டில் போலக் கணிப்பும் முடிவும் எதிரெதிராக வந்திருந்தால் அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்?

ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3-ஆம் தேதி தீர்ப்பில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. தேர்தலின் முக்கியமான படிகளைத் தனிப்பட்ட தொழில்நுட்ப அறிவு இல்லாத ஒரு குடிமகனும் சரிபார்க்க முடியவேண்டும் என்று சொல்லி, 2005 தேர்தலில் ஓட்டுக் கணினிகளைப் பயன்படுத்தியது அரசமைப்புக்கு முரணானது என்றது. அந்த இயந்திரங்களில் மோசடி நடந்ததாக யாரும் நிரூபிக்கவில்லை. சரிபார்க்க முடியவில்லை என்பதே போதுமான குறை என்று நீதிபதிகள் பார்த்தார்கள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லும் கதை வாஷிங்டன் நகரத்துடையது. வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்காக 2010-இல் ஒரு இணைய ஓட்டு ஏற்பாட்டைக் கட்டினார்கள், தம்பியைப் போன்றவர்களுக்காகத்தான். நவம்பர் தேர்தலுக்கு முன் செப்டம்பர் கடைசியில், யார் வேண்டுமானாலும் உடைத்துப் பாருங்கள் என்று திறந்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தைப் பாராட்டவேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஹால்டர்மேனும் மாணவர்களும் உட்கார்ந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் மொத்த ஏற்பாடும் அவர்கள் கையில்.

எப்படி என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஓட்டுச்சீட்டுக் கோப்பை வாக்காளர் ஏற்றியதும் சர்வர் அதைப் பூட்டி வைக்கவேண்டும். அதற்கான கட்டளையில் கோப்பின் பெயரின் பின்பகுதியை அப்படியே சேர்த்துவிட்டிருந்தார்கள். ஒற்றை மேற்கோள்குறி இருக்கவேண்டிய இடத்தில் இரட்டை மேற்கோள்குறி. அவ்வளவுதான். கோப்பின் பெயரிலேயே ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் சர்வர் அதை வாங்கி நிறைவேற்றும். அந்த ஓட்டை வழியாகப் போய், ஏற்கெனவே பதிவான ஓட்டுகளை எல்லாம் மாற்றினார்கள், இனி வரப்போகிற ஓட்டுகளும் மாறும்படி செய்தார்கள். உண்மையான வாக்காளர்களுக்கு அனுப்பவேண்டிய ரகசிய எண்கள் அடங்கிய 937 பக்கக் கோப்பு ஒன்று சோதனை சர்வரிலேயே கிடந்தது. சர்வர் அறையின் கண்காணிப்பு கேமராவைக்கூட அவர்களால் பார்க்க முடிந்தது, காவலாளி வருவதும் போவதும் தெரிந்தது. ஈரானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வேறு யாரோ உள்ளே நுழைய முயன்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இவர்களே அந்தக் கதவைச் சாத்தினார்கள். வந்துபோனதற்கு அடையாளமாக, ஓட்டுப் போட்டு முடித்த பக்கத்தில் பதினைந்து விநாடி கழித்துத் தங்கள் பல்கலைக்கழகப் பாட்டு ஒலிக்கும்படி வைத்தார்கள். அந்தப் பாட்டு ஒலித்தும், இரண்டு வேலை நாள் கழிந்துதான் அதிகாரிகளுக்குத் தெரிந்தது. நவம்பரில் ஓட்டை ஏற்றும் வசதியை எடுத்துவிட்டார்கள். சீட்டை இறக்கி அச்சிட்டு அனுப்ப மட்டும் அனுமதித்தார்கள்.

பாட்டு வைக்காத ஒருவன் வந்திருந்தால்? நான் இந்த வேலையில் மேற்கோள்குறிப் பிழைகளை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள், கவனமான பிள்ளைகள் எழுதிய நிரலில்தான் அவை இருந்தன. ஒரு பூத்தில் ஏமாற்றவேண்டுமென்றால் அந்த பூத்துக்கு ஆள் போகவேண்டும், ஏஜென்டுகளையும் போலீசையும் தாண்டவேண்டும், அப்படியும் 742 ஓட்டுதான் கிடைக்கும். சர்வரில் ஒரு மேற்கோள்குறி போதும், மொத்தமும் கிடைத்துவிடும்.

ஓட்டை மாற்றக்கூட வேண்டாம், முன்கூட்டியே படித்தாலே போதும். இதைப் பலர் யோசிப்பதில்லை, எனக்கே 2024 ஜூனில்தான் உறைத்தது. அந்தத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றே ஓட்டுப் போட்டுவிட்டு ஒன்றரை மாதம் காத்திருந்தது. கடைசிக் கட்டம் ஜூன் 1 அன்று முடிந்தது. எல்லாக் கட்டமும் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை எக்சிட் போல் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. அன்று மாலை கணிப்புகள் கொட்டின. ஆளும் கூட்டணிக்கு 361 முதல் 401 என்றது ஆக்சிஸ் மை இந்தியா. திங்கட்கிழமை மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு சுமார் 2500 புள்ளி ஏறியது. செவ்வாய்க்கிழமை ஓட்டு எண்ணினார்கள், கூட்டணிக்கு 293. சென்செக்ஸ் சுமார் 4390 புள்ளி விழுந்தது. கணிப்பு நிறுவனத்தின் தலைவர் தொலைக்காட்சியிலேயே கண் கலங்கினார்.

அந்த இரண்டு நாளில் உண்மை எண் ஒருவனுக்கு மட்டும் முன்பே தெரிந்திருந்தால் அதன் விலை என்ன? இணைய ஓட்டு என்றால் நாள்கணக்கில் ஓட்டுகள் சர்வரில் குவிந்து கிடக்கும். எஸ்டோனியாவில் பூட்டிய உறைகளைத் திறக்கும் சாவியைப் பலர் கையில் பிரித்துக் கொடுத்து, தேர்தல் முடிந்த இரவு அவர்களில் போதுமான பேர் சேர்ந்தால்தான் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு கவனம் இல்லாத இடத்தில், உள்ளே நுழைந்தவன் ஒரு ஓட்டையும் தொடாமல் படித்துவிட்டுப் போய்விடலாம். எந்தத் தணிக்கையிலும் அவன் தடம் தெரியாது. இன்று அந்த எண் கோடிக்கணக்கான சீல் வைத்த துண்டுகளாகப் பிரிந்து, லட்சக்கணக்கான மெஷின்களுக்குள் கிடக்கிறது. கணிப்பாளர்கள் தவறுவதற்கும் அதுதான் காரணம். அவர்கள் தவறுவதைப் பார்க்கும்போதெல்லாம், ரகசியம் இன்னும் ரகசியமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

மாஸ்கோவின் 2021 நாடாளுமன்றத் தேர்தல் நினைவிருக்கிறதா? பல தொகுதிகளில் எதிர்க்கட்சி வேட்பாளர்கள் முன்னணியில் இருந்தார்கள். இணைய ஓட்டு எண்ணிக்கை மட்டும் தாமதமாகி மறுநாள் வந்தது. வந்ததும் அத்தனை பேரும் தோற்றிருந்தார்கள். எஸ்டோனியாவிலும் இதே போலத்தான் இரவில் படம் மாறியது. ஒன்று நேர்மையான நாடு, இன்னொன்றை அப்படிச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் தோற்றவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு திரையும் ஒன்றாகத்தான் தெரியும்.

நம் ஊருக்கென்று ஒரு தனிக் கவலை இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்கமுடியாது. பணப் பட்டுவாடாவால் 2016-இல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது, 2019-இல் வேலூர். இன்று பணம் கொடுப்பவன் நம்பித்தான் கொடுக்கவேண்டும். வாங்கியவள் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் யாருக்கு அழுத்தினாள் என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் வாங்கிக்கொண்டு மாற்றிக் குத்திய பெண்களை எனக்குத் தெரியும். கைபேசியில் ஓட்டு வந்தால், பணத்தோடு வருகிறவன் திண்ணையில் உட்கார்ந்து “என் முன்னாடி போடு” என்பான். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் புருஷன் கையில் என்றால் அந்தப் பெண்ணுக்கு எஸ்டோனியர்களைப் போலப் பிறகு மாற்றிப் போட வாய்ப்பு எங்கே? பிகாரில் 2025 ஜூன் 28 அன்று சில நகராட்சித் தேர்தல்களில் கைபேசிச் செயலி வழியாக ஓட்டுப் போட வைத்தார்கள். முதியவர்களுக்கும் ஊரை விட்டுப் போனவர்களுக்கும் உதவி என்றார்கள், அந்த எண்ணம் நல்லதுதான். அந்த அட்டைத் தடுப்பைக் கைபேசிக்குள் எப்படி வைப்பார்கள் என்பதற்குத்தான் எனக்கு விடை கிடைக்கவில்லை.

அப்படியானால் தம்பி ஓட்டுப் போடவே கூடாதா? போடவேண்டும். ராணுவத்தினருக்கு இப்போது இருக்கும் முறையை அவனுக்கும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஓட்டுச்சீட்டு மின்வழியில் அவர்களுக்குப் போகும். அச்சிட்டு, குறியிட்டு, இரட்டை உறையில் வைத்துத் தபாலில் திருப்பி அனுப்பவேண்டும். வெளிநாட்டு இந்தியர்களுக்கும் இதை நீட்டிக்கலாம் என்று தேர்தல் ஆணையமே 2020-இல் அரசுக்கு எழுதியது. இணையத்தின் வேகம் போகும்போது கிடைக்கிறது, திரும்பி வருவது காகிதம்.

காகிதத்தின் அருமை எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2016-இல் அதே மே 19 அன்று ராதாபுரத்தில் திமுகவின் அப்பாவு 49 ஓட்டில் அதிமுகவின் இன்பதுரையிடம் தோற்றார். அங்கே 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று ஒதுக்கப்பட்டிருந்தன. தலைமை ஆசிரியர்கள் போட்ட சான்றொப்பம் ஏற்கமுடியாது என்பது காரணம். அம்மாவுக்கு அது சொந்தச் சண்டை மாதிரி. “அது எங்க வாத்தியார்மாரு ஓட்டு” என்று யார் வந்தாலும் சொல்வாள். வழக்கு நடந்தது. மூன்று வருடம் கழித்து, 2019 அக்டோபரில், அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று ரவுண்டு மெஷின்களையும் மறுபடி எண்ணச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடிவதற்குள் எண்ணிக்கை வெளியே வரவில்லை. நீதி தாமதமானதில் எனக்கு வருத்தம் நிறையவே உண்டு. ஆனாலும் மூன்று வருடம் கழித்து எடுத்து எண்ண 203 உறைகள் இருந்தன. ஒரு சர்வரில் மூன்று வருடம் கழித்து எதைத் தோண்டி எடுப்பது?

அதே காரணத்துக்காகத்தான் விவிபேட் விஷயத்திலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து பூத்தின் சீட்டுகளை எண்ணிப் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லாம் வேண்டாம், ஆனால் எல்லா இடத்திலும் ஐந்து என்பதும் சரியில்லை. லட்சம் ஓட்டில் ஜெயித்த இடத்தில் ஐந்து தாராளம். 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு, அங்கே ஐந்து எப்படிப் போதும்? வித்தியாசம் குறையக் குறைய அதிகம் எண்ணவேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் அப்படித்தான் செய்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் 2020-இல் வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். நம்மிடம் சீட்டு இருக்கிறது. பெட்டியில் கிடக்கிறது. எடுத்து எண்ண ஒரு நாள் கூடுதலாக ஆகட்டுமே.

போன பொங்கலுக்கு மாமா வீட்டில் பரணைச் சுத்தம் செய்தோம். மாமாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, பூத்துக்கு ஏஜென்டாகப் போவதில்லை. ஒரு தகரப் பெட்டியில் பத்திரம், ரேஷன் கார்டு, தாத்தாவின் போட்டோவோடு ஐந்தாறு 17சி பிரதிகள் மடித்து வைத்திருந்தார். 2016-உடையதும் அதில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தது, மை பழுப்பாகியிருந்தது, 742 மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா என்று அத்தை கேட்டார். மாமா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அம்மா அதன் கீழே இருந்த கையெழுத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத யாரோ ஒரு பி.ஓ. கடைசிப் பிரதி போலிருக்கிறது, எழுத்து களைத்துச் சாய்ந்திருந்தது. ஏழு தேர்தலில் தான் எழுதிக் கொடுத்ததெல்லாம் எந்தெந்த ஊரில், யார் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதோ என்றாள். சில ஊர்களின் பெயரைச் சொன்னாள். இரண்டு ஊர் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.